இனயத்தில் கற்ற ‘ஏழு தண்ணி’ வைத்தியம்

“இனயமா? அது எங்கே இருக்கிறது?” என்று நான் கிளம்பும்போது என் வீட்டுக்காரர் கேட்டார். நீங்களும் அப்படித்தான் கேட்பீர்கள். கன்னியாகுமரி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது முக்கடலும், விவேகானந்தர் பாறையும், சங்கு பாசி விற்கிற கடைகளும்தான். ஆனால் அந்த மாவட்டத்துக்கு மேற்கே இன்னொரு நீண்ட கடற்கரை உண்டு. மணவாளக்குறிச்சி, மண்டைக்காடு, குளச்சல் என்று ஊர்கள் வரிசையாக வரும். குளச்சலைத் தாண்டித் தேங்காய்ப்பட்டணம் போகிற வழியில், அலை வந்து வாசல்படியைத் தொட்டுவிடுமோ என்று பயப்படும்படி உட்கார்ந்திருக்கிறது இனயம்.

இந்தப் பெயரைச் சிலர் பத்திரிகையில் பார்த்திருக்கலாம். 2016 ஜூலையில் மத்திய அமைச்சரவை இங்கே ஒரு பெரிய துறைமுகம் அமைக்கக் கொள்கையளவில் ஒப்புதல் கொடுத்தது. கடலும் வீடும் கையைவிட்டுப் போய்விடும் என்று கரையோர மக்கள் எதிர்த்து நின்றார்கள். பிறகு திட்டம் கோவளம், மணக்குடி பக்கம் நகர்ந்தது. ஆனால் நான் போனது துறைமுகச் சங்கதிக்காக அல்ல. என் கல்லூரித் தோழி அங்கே வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். “ஒரு தடவையாவது வந்து நாலு நாள் இரு, பிள்ளே” என்று பல வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். போன தை மாதம்தான் வேளை வாய்த்தது.

கைப்பையில் ஒரு மருந்துக் கடை

என்னோடு இன்னொரு துணையும் கூடவே வந்தது. நெஞ்செரிச்சல்!

ஆறேழு வருஷமாக அது என்னை விட்டபாடில்லை. வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, மறுநாளைக்கு மாவு கரைத்து வைத்து, நான் தட்டைப் போட்டு உட்காரும்போது மணி பத்தரை. சாப்பிட்ட கையோடு படுக்கை. நடுராத்திரியில் தொண்டை வரை புளித்துக்கொண்டு ஏறும். எழுந்து உட்கார்ந்து தண்ணீர் குடிப்பேன். காலையில் நாக்கில் ஒரு கசப்பு. கைப்பையில் எப்போதும் மாத்திரைப் பட்டை ஒன்று இருக்கும். மருந்துக் கடைப் பையனுக்கு என் முகம் பார்த்தாலே போதும், எடுத்துக் கொடுத்துவிடுவான். டாக்டரிடம் மட்டும் போனதில்லை. “இதுக்கெல்லாம் போயா டாக்டர்?” என்கிற நம் வழக்கமான பதில்தான். உங்களில் எத்தனை பேர் இதைப் படித்துச் சிரிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.

நடுவில் ஒருநாள் யாரோ சொன்னார்கள் என்று கற்றாழையும் குடித்துப் பார்த்தேன். மாடித் தொட்டியிலிருந்து ஒரு மடலை ஒடித்து, தோலைச் சீவிவிட்டு, அப்படியே மிக்ஸியில் அடித்து ஒரு டம்ளர். என்ன கசப்பு! “கசந்தால்தான் மருந்து” என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினேன். அன்று முழுவதும் வயிற்றைப் பிசைந்து பிசைந்து எடுத்தது. எத்தனை தடவை கொல்லைப்பக்கம் ஓடினேன் என்று கணக்கில்லை. அன்றோடு கற்றாழைக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

இந்த நிலையில்தான் மதுரையில் ரயில் ஏறினேன். நாகர்கோவிலில் இறங்கி, திங்கள்சந்தை வழியாகக் கருங்கல், அங்கிருந்து இன்னொரு பஸ். வழி நெடுகத் தென்னையும் வாழையும் மரச்சீனியும். வீட்டுக்கு வீடு ஒரு பலாமரம். கருங்கல்லில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது கடையில் தொங்கிய மட்டி வாழைப்பழத்தில் நாலு வாங்கிச் சாப்பிட்டேன். விரல் நீளம்தான் இருக்கும், வாசனையோ பஸ் முழுவதும் வரும். 2023இல் இந்த மட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பஸ் கடைசியாக ஒரு வளைவில் திரும்பியதும் தென்னந்தோப்புகள் விலகி, கண்ணுக்கு எட்டிய வரை கடல்.

சருவமும் சாயாவும்

தோழியின் மாமியாருக்கு எழுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். ஒல்லியான உடம்பு, வெள்ளைச் சேலை, குரல் மட்டும் அலைச்சத்தத்தை மீறிக் கேட்கும். தோழி “மாமி” என்று கூப்பிடுகிறாள். ஊரில் மற்ற எல்லோருக்கும் அவர் ‘அம்மை’. எனக்கும் அப்படியே ஆகிவிட்டார்.

விடிகிற நேரத்தில் அம்மையோடு கரைக்குப் போனேன். வள்ளங்கள் வந்து சேர்கின்றன. வலையிலிருந்து மீனை உதறி எடுக்கிறார்கள். சாளை, அயிலை, நெத்திலி என்று குவியல் குவியலாக ஏலம் போகிறது. அலுமினியச் சருவத்தில் மீனை வாங்கித் தலையில் ஏற்றிக்கொண்டு பெண்கள் வேகவேகமாக நடக்கிறார்கள். ஆட்டோ பிடித்து உள்ளூர்ச் சந்தைகளுக்குப் போகிறவர்கள் சிலர், வீடு வீடாகப் போகிறவர்கள் சிலர். எல்லோருடைய காலை ஆகாரமும் ஒன்றேதான்: கடையில் நின்றபடியே ஒரு கட்டன் சாயா. பால் சேர்க்காத கறுப்புத் தேநீர். மீன் விற்றுத் தீரும் வரை அதுவே துணை. மத்தியானம் இரண்டு மணிக்குமேல் வீட்டுக்கு வந்து, காலையிலிருந்து சேர்த்து வைத்த பசிக்கு ஒரே மூச்சாகச் சோறும், புளியும் மிளகாயும் தூக்கலான மீன்கறியும். அப்படியே பாயில் சாய்ந்துவிடுவார்கள்.

“இங்க பாதி பேருக்கு நெஞ்செரிச்சல்தான் மக்கா” என்றார் அம்மை. “வெறும் வயித்துல சாயா, நெறஞ்ச வயித்துல பாயி. எரியாம என்ன செய்யும்?”

எனக்குச் சுருக்கென்றது. அந்தப் பெண்களுக்குச் சருவம், எனக்குச் சமையலறை. மற்றபடி கதை ஒன்றுதான். நாமெல்லாம் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவர்கள்.

இதன் சூட்சுமம் எளிது. உணவுக்குழாய் இரைப்பையில் சேருகிற இடத்தில் வட்டமான ஒரு தசை இருக்கிறது. நம் பாட்டிமார் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையின் வாயை நினைத்துக்கொள்ளுங்கள். சாப்பாடு இறங்கும்போது திறக்கும், இறங்கியதும் இழுத்து மூடிக்கொள்ளும். அந்தச் சுருக்கு தளர்ந்தாலோ, பை ரொம்பி வழிந்தாலோ, சாப்பிட்டவுடன் படுத்தாலோ, உள்ளே இருக்கிற அமிலம் மேலே ஏறுகிறது. இரைப்பைக்கு அமிலத்தைத் தாங்கும் வழவழப்பான உள்பூச்சு உண்டு. உணவுக்குழாய்க்கு அது கிடையாது. அதனால்தான் எரிகிறது. கர்ப்பிணிகளுக்கு இது அதிகமாக வருவதற்குக் காரணம், அந்தச் சமயத்தில் சுரக்கும் ஹார்மோன் இந்தச் சுருக்கைத் தளர்த்துவதும், வளரும் வயிறு கீழிருந்து அழுத்துவதும்தான்.

ஏழு தண்ணி

அன்று ராத்திரி நான் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்ததை அம்மை பார்த்துவிட்டார். காலையில் ஒன்றும் பேசாமல் என்னை வீட்டுப் பின்பக்கம் அழைத்துப் போனார். கிணற்றடியில், உப்புக் காற்றுக்கும் அசையாமல், கொழுகொழுவென்று கற்றாழை வளர்ந்து கிடந்தது.

“ஐயோ அம்மை, அது வேண்டாம்!” என்று என் பழைய கதையைச் சொன்னேன். அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

“நீ கற்றாழை குடிக்கல்ல மக்கா, பேதி மருந்து குடிச்சிருக்க!”

பிறகு செய்து காட்டினார். செடியின் ஓரத்தில் இருந்த முற்றிய மடலாகப் பார்த்து அடியோடு அறுத்தார். அறுத்த வாய் கீழே இருக்கும்படி ஒரு கிண்ணத்தில் சாய்த்து நிறுத்தினார். “பைய வடியட்டும்” என்று சொல்லிவிட்டு முற்றம் பெருக்கப் போய்விட்டார். அரைமணி கழித்துப் பார்த்தால், கிண்ணத்தின் அடியில் மஞ்சளாக ஒரு திரவம். தொட்டு நாக்கில் வைக்கச் சொன்னார். அதே கசப்பு! நான் அன்று டம்ளரில் குடித்த கசப்பு.

அதன்பிறகு இரண்டு பக்கமும் முள்ளைச் சீவி, பச்சைத் தோலைக் கொஞ்சம் ஆழமாகவே எடுத்து, உள்ளே கண்ணாடி மாதிரி இருக்கும் சோற்றை மட்டும் துண்டு போட்டார். பிறகு கழுவல். ஒரு தண்ணி, இரண்டு தண்ணி என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டே ஏழு தண்ணி. “ஏழுக்கு ஒண்ணு கொறஞ்சாலும் குடுக்கப்பிடாது கேட்டியா.” கடைசியில் இரண்டு விரல் அகலத் துண்டு ஒன்றை எடுத்து, மோரில் மத்தால் கடைந்து, ஒரு சிட்டிகை சீரகப்பொடியும் உப்புக்கல்லும் போட்டுக் கையில் கொடுத்தார். கசப்பே இல்லை! தொண்டையில் வழுக்கிக்கொண்டு குளுகுளுவென்று இறங்கியது.

“எத்தனை நாள் குடிக்கணும் அம்மை?”

“ஒரு வாரம். அதுலயும் மாறல்லன்னா இது கற்றாழைக்க வேலை இல்ல, டாக்டருக்க வேலை.”

மஞ்சள் பால் என்பது என்ன?

அம்மை செய்ததற்கெல்லாம் காரணம் இருக்கிறது. கற்றாழை மடலில் இரண்டு சரக்கு உண்டு. நடுவில் இருக்கும் சோறு பெரும்பாலும் தண்ணீர்தான், நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு தொண்ணூற்றொன்பது பங்கு. மீதியில் வழவழப்புத் தரும் மாவுச்சத்து வகைகள் இருக்கின்றன. தோலுக்கு அடியில் ஓடுவது மஞ்சள் பால். அதில் ‘அலோயின்’ என்ற கடுமையான பேதிப் பொருள் இருக்கிறது. நாட்டு மருந்துக் கடையில் கறுப்புக் கட்டியாக விற்கும் மூசாம்பரம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பால் மறக்கடிக்கத் தாய்மார்கள் தடவிக்கொள்வார்களே, அதுதான். கற்றாழையின் மஞ்சள் பாலைக் காய்ச்சி இறுக்கியதே மூசாம்பரம். இதே அரபிக் கடலின் அக்கரையில் இருக்கும் சொகோத்ரா தீவு, பழங்காலத்திலிருந்தே இந்தச் சரக்குக்குப் பேர்போன இடம்.

அந்தப் பாலைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. வயிற்றுவலி, பேதி, அதனால் உடம்பிலிருந்து பொட்டாசியம் உப்பு இறங்குவது எல்லாம் உண்டு. இதை வைத்துச் செய்து கடையில் சும்மா கேட்டாலே கிடைத்த பேதி மருந்துகளை, பாதுகாப்புக்குப் போதிய சான்று இல்லை என்று அமெரிக்க அரசு 2002இல் விற்பனையிலிருந்து நீக்கியது. தோலும் பாலும் சேர்ந்த முழு இலைச் சாற்றை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது பெருங்குடலில் கட்டிகள் வந்தன. அதனால் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, அந்த முழு இலைச் சாற்றைச் சந்தேகப் பட்டியலில் வைத்திருக்கிறது. பாட்டில் சாறு வாங்குகிறவர்கள் மஞ்சள் பால் நீக்கியதுதானா என்று பார்க்காமல் வாங்கக் கூடாது.

சரி, சோறு மட்டும் நெஞ்செரிச்சலுக்கு உண்மையிலேயே கேட்குமா? 2015இல் ஈரான் நாட்டு மருத்துவர்கள் 79 நோயாளிகளை மூன்று பிரிவாக்கி நான்கு வாரம் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்குக் கற்றாழைச் சர்பத் தினம் 10 மில்லி, மற்ற இரண்டு பிரிவுக்கும் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகள். கற்றாழை குடித்தவர்களுக்கும் எரிச்சல், புளிச்சேப்பம் முதலியவை குறைந்தன. பெரிய தொந்தரவும் இல்லை. ஆனால் அது சிறிய ஆராய்ச்சி. அவர்கள் கொடுத்தது அளவு பார்த்துத் தயாரித்த சர்பத், நாம் தொட்டியில் ஒடிக்கும் மடல் அல்ல. ஆகவே ‘கொஞ்சம் இதம் தரும்’ என்று சொல்லலாம். ‘நோயையே தீர்க்கும்’ என்று சொல்ல முடியாது.

சித்த வைத்தியத்தில் கற்றாழைக்குக் ‘குமரி’ என்றே பெயர். இனயத்துக்குப் பக்கத்திலேயே முஞ்சிறையில் சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வைத்தியம் இந்த மண்ணில் ஊறிப்போன விஷயம். குமரி மாவட்டத்தில் குமரியைப் பற்றித் தெரிந்துகொண்டேனே என்று எனக்கு ஒரே சந்தோஷம். அந்தச் சந்தோஷம் மூன்றாம் நாள் சாயங்காலம் வரைதான்.

“வேர்த்திருக்கா?”

அன்று சனிக்கிழமை. கோயில் மணி அடித்து, வீட்டில் குடும்ப ஜெபம் முடிந்திருந்தது. பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு பெண் குழந்தை மூச்சிரைக்க ஓடி வந்தது. பத்துப் பன்னிரண்டு வயதிருக்கும்.

“அம்மை, ரெண்டு கற்றாழை மடலு தருவீங்களாம். அம்மாக்கு நெஞ்சு எரியுதாம்.”

நான் உடனே எழுந்தேன். அறுக்கத்தான் கற்றுக்கொண்டாயிற்றே! கத்தியைக்கூட எடுத்துவிட்டேன். அம்மை என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“ஒங்க அம்மைக்கு வேர்த்திருக்கா?” என்று குழந்தையைக் கேட்டார்.

குழந்தை யோசித்தது. “ஆமா, சட்டையெல்லாம் நனஞ்சு போச்சு.”

அம்மை செருப்புக்கூடப் போடவில்லை. அந்த வயதில் அவ்வளவு வேகமாக ஒருவர் நடந்து நான் பார்த்ததில்லை. நானும் தோழியும் பின்னாலேயே ஓடினோம்.

அந்தப் பெண் மீன் விற்கிறவர். காலையில் கரையில் பார்த்த முகம். ஐம்பதை ஒட்டிய வயது. சுவரில் சாய்ந்து, கையை நெஞ்சில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். தை மாதக் கடல் காற்றில் நெற்றியெல்லாம் முத்து முத்தாக வேர்வை. “கேஸ்தான் அம்மை. மத்தியானம் மரச்சீனி கொஞ்சம் கூடிப்போச்சு. ஒரு ஏப்பம் விட்டா செரியாயிரும்” என்றார். வாந்தி வருகிற மாதிரியும் இருக்கிறதாம்.

அம்மை அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து மூன்றே கேள்வி கேட்டார். எரிச்சலா, பாரம் வைத்து அழுத்துகிற மாதிரியா? நடந்தால் கூடுகிறதா? கைக்கோ, தாடைக்கோ, முதுகுக்கோ ஏறுகிறதா? அந்தப் பெண் முதுகைத் தொட்டுக் காட்டினார். “சருவம் சுமந்ததுனால இருக்கும்” என்று அதற்கும் ஒரு காரணம் சொன்னார்.

“வேர்த்து வார எரிச்சலுக்குக் கற்றாழை இல்ல மக்கா. வண்டிதான்” என்றார் அம்மை. தோழி அதற்குள் 108க்குப் போன் செய்துவிட்டாள். “காலையில போலாம். பிள்ள தனியா இருக்கும், நாளைக்குக் கடன் குடுக்கணும்” என்று அந்தப் பெண் மறுத்துக்கொண்டே இருந்தார். அம்மை காதில் வாங்கவே இல்லை. எழுந்து நடக்கவும் விடவில்லை. வண்டி வந்ததும் படுக்க வைத்தே ஏற்றினார்கள்.

ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்தபோது தெரிந்தது மாரடைப்பு. நேரத்தோடு வந்ததால் பிழைத்தார். நான் ஊரைவிட்டுக் கிளம்புவதற்குள் தோழி போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். “கற்றாழை கேட்டதுக்கு என்னை ஆஸ்பத்திரியில கொண்டு போட்டாச்சே” என்று சிரித்தாராம்.

அம்மையின் கணக்கு

அந்த ராத்திரி எங்களுக்குத் தூக்கம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகிற வழக்கம் இல்லையாகையால் கரை அமைதியாக இருந்தது. வள்ளங்கள் வரிசையாக ஏறிக் கிடந்தன. வாசல்படியில் உட்கார்ந்து, “உங்களுக்கு எப்படித் தெரிந்தது அம்மை?” என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்க மாப்பிளைக்கும் இதே மாதிரிதான். கடலுக்குப் பெயிட்டு வந்தாரு. நெஞ்சு எரியுதுன்னாரு. வேர்த்து ஊத்துச்சு. வெயில்ல வலை வலிச்சதுன்னு நெனச்சேன். நான்தான் மக்கா கற்றாழை அறுத்துக் கழுவிக் குடுத்தேன். ஏழு தண்ணி நல்லாக் கழுவினேன். குடிச்சிட்டு, இப்ப குளுமையா இருக்குன்னு படுத்தாரு. வெடிஞ்சப்ப எழும்பல்ல.”

இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறதாம். அப்போது 108 வண்டியெல்லாம் கிடையாது. பிறகு ஒரு டாக்டரம்மாதான் எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கிச் சொன்னாராம். அந்த மூன்று கேள்விகளும் அப்போது கேட்டுத் தெரிந்துகொண்டவை.

“கற்றாழை கெடுதல் செய்யல்ல. ஆனா நேரத்தக் கொண்டு போச்சு” என்றார். “அந்தச் செடிய அன்னைக்கே பறிச்சுப் போடத்தான் போனேன். பெறகு வேண்டாம்னு விட்டேன். அது நின்னாத்தானே கேக்க ஆளு வரும்? வந்தாத்தானே நான் வேர்த்திருக்கான்னு கேக்க முடியும்?”

எனக்குப் பேச்சு வரவில்லை. தோழி மட்டும் மாமியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

ஊர் திரும்பிய பிறகு

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இனயத்தில் இருந்த நாட்களில் எனக்கு எரிச்சல் நன்றாகவே குறைந்தது. ஆனால் பெருமை முழுவதும் கற்றாழைக்குச் சேருமா என்றால், சேராது. அந்த வீட்டில் ஜெபம் முடிந்ததும் ஏழரை மணிக்கெல்லாம் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுவிடுகிறார்கள். கஞ்சியும் பயறும் சுட்ட கருவாடும். பிறகு வாசலில் பேச்சு. படுக்கப் பத்தரை மணி. சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேர இடைவெளி! அதுவும் பாதி மருந்துதான்.

மதுரைக்கு வந்து பழையபடி பத்தரைக்குச் சாப்பிட்ட முதல் நாளே எரிச்சல் எட்டிப் பார்த்தது. மறுநாளே டாக்டரிடம் போனேன். என் வயதைக் கேட்டு, ஈ.சி.ஜி. எடுத்து, உள்நோக்கிக் குழாய் விட்டும் பார்த்தார்கள். நீங்கள் பயப்படுகிற மாதிரி ஒன்றுமில்லை, சில நிமிஷ வேலை. உணவுக்குழாயின் அடியில் லேசான புண். நானாக வாங்கி விழுங்கிய மாத்திரைகள் அதை மறைத்து வைத்திருந்தனவே தவிர, ஆற்றவில்லை. எட்டு வாரம் முறையாக மருந்து சாப்பிட்டேன். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே அரையடிக்குக் கட்டை வைத்தோம். இடது பக்கம் சாய்ந்து படுக்கப் பழகினேன். முக்கியமாக, வீட்டில் சாப்பாட்டு நேரத்தை எட்டு மணிக்கு மாற்றினேன். “எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடலாம், பாத்திரத்தை ஒன்றாகக் கழுவலாம்” என்றேன். முதல் வாரம் முணுமுணுத்தார்கள். இப்போது பழகிவிட்டது.

மாடித் தொட்டியில் கற்றாழை இருக்கிறது. விருந்து, விசேஷம் என்று எப்போதாவது எரிச்சல் வந்தால், ஏழு தண்ணி கழுவி ஒரு துண்டு மோரில் அடித்துக் குடிக்கிறேன். குளுமையாக இருக்கிறது. ஆனால் மடலை அறுக்குமுன் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

அம்மையின் செய்முறை

சோற்றுக் கற்றாழை மட்டுமே ஆகும். வேலிகளில் வளரும் ஆனைக் கற்றாழை வேறு செடி. அதன் சாறு பட்டாலே அரிக்கும், வாயில் வைக்கவே கூடாது. முற்றிய மடலை அறுத்து, அறுவாய் கீழாக அரைமணி நிறுத்தி மஞ்சள் பாலை வடிய விடுங்கள். முள்ளும் தோலும் நீக்கி, சோற்றை மட்டும் துண்டாக்கி, ஏழு முறை தண்ணீர் மாற்றிக் கழுவுங்கள். ஒரு துண்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் இன்னும் கழுவ வேண்டும். இரண்டு மேஜைக்கரண்டி அளவு சோறு, ஒரு டம்ளர் நீர்மோர், சிட்டிகை சீரகப்பொடி, உப்பு. காலையில் ஆகாரத்துக்கு முன் குடிக்கலாம். அன்றன்று செய்ததை அன்றே குடித்துவிட வேண்டும். தொடர்ந்து ஒரு வாரம் போதும்.

யார் குடிக்கக் கூடாது?

கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், சிறு குழந்தைகள் வேண்டாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் வேண்டாம். சர்க்கரை வியாதிக்கோ, இருதயத்துக்கோ, நீர் இறங்கவோ மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

எப்போது டாக்டர்?

வாரத்தில் இரண்டு மூன்று தடவை எரிச்சல் வந்தால், விழுங்கும்போது உணவு அடைத்தால், காரணமில்லாமல் எடை குறைந்தால், சோகை இருந்தால், ஐம்பது வயதுக்குமேல் புதிதாக எரிச்சல் தொடங்கினால், தள்ளிப் போடாதீர்கள். வாந்தியில் ரத்தமோ காப்பித்தூள் போன்ற நிறமோ தெரிந்தாலும், மலம் தார் போலக் கறுத்துப் போனாலும் அன்றைக்கே போக வேண்டும்.

நெஞ்சில் பாரம், வேர்வை, மூச்சுத் திணறல், கைக்கும் தாடைக்கும் முதுகுக்கும் ஏறும் வலி இருந்தால் 108. பெண்களுக்கு மாரடைப்பு வரும்போது வெறும் குமட்டலாகவும் அசதியாகவும்கூட இருக்கும். சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே தெரியாமலும் வரும். “கேஸாக இருக்கும்” என்று காலை வரை காத்திருக்காதீர்கள்.

கிளம்புகிற அன்று அம்மை ஒரு பழைய செய்தித்தாளில் சுற்றி, வேரோடு ஒரு கற்றாழைக் கன்று கொடுத்தார். “ஏழு தண்ணி மறக்காத மக்கா” என்றார். பஸ் நகர்ந்த பிறகும் ஜன்னல் பக்கமாக வந்து இன்னொன்றும் சொன்னார்.

“கேக்க வாரவங்ககிட்ட, மொதல்ல வேர்த்திருக்கான்னு கேளு.”

கேட்கிறேன் அம்மை. இதைப் படிக்கிற சகோதரிகளும் கேட்பார்கள்.